டாக்டரிடம் சொல்லாமல் வந்த நோய்

வாவிக்கு மேற்கே, வலையிறவுப் பாலத்துக்கு அப்பால் இருக்கிறது வவுணதீவு. அங்கே ஒரு தாய், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, வரிசையில் நின்று டாக்டரைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரசாங்க வைத்தியசாலையில் காசு கேட்பதில்லை. ஆனால், "தலையிடி" என்று மட்டும் சொல்லி, குளிசையோடு திரும்புகிறார். நெஞ்சு அடைப்பதைச் சொல்லவேயில்லை.

குற்றம் யாருடையது? 1984இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரு ஆய்வாளர்கள், டாக்டரும் நோயாளியும் பேசிய 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து கேட்டார்கள். நோயாளி பேசத் தொடங்கி, சராசரியாக 18 வினாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். 17 பேருக்கே சொல்ல வந்ததை முடிக்க வாய்த்தது.

டாக்டரை மட்டும் நோவதும் நியாயமல்ல. 2017இல் வெளியான, 67 நாடுகளை ஒப்பிட்ட ஆய்வின்படி, ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் சுவீடனில் 22 நிமிடத்துக்கும் மேல். வங்காளதேசத்தில் 48 வினாடி! வாசலில் கூட்டம் நின்றால் அவர்தான் என்ன செய்வார்? அதனால்தான் இன்று இரு தரப்பாரையும் தனித்தனியே இருத்தி, அவரவர் அனுபவத்தைக் கேட்டு ஆராய்கிறார்கள்.

சகோதரிகளே! நம் கையிலும் சில உண்டு. அதிகம் பயப்படுத்தும் நோவை முதலில் சொல்லுங்கள். மறதி என்றால் துண்டில் எழுதிச் செல்லுங்கள். பாவிக்கும் மருந்துகளை, நாட்டு மருந்து உட்பட, காட்டுங்கள். ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சமானால், பெண் டாக்டரைக் கேளுங்கள். அல்லது உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். வெட்கம் நோயை மறைக்கும், மாற்றாது.