பிந்திப் போனாலும் என்ட்ரி போடுங்க

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்டி கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குக் கிட்ட ஒரு குறுக்கு ரோட்டில மாமாவோட காரை நிப்பாட்டிட்டுப் போனேன். பத்து மணிக்குப் போய் பதினொன்றரைக்குத் திரும்பி வந்தா, வலது பக்கக் கண்ணாடி வயரில தொங்குது. பின் கதவிலிருந்து பம்பர் வரைக்கும் நீளமா ஒரு கீறல். அதில வெள்ளை பெயின்ட். வைப்பருக்குக் கீழ ஒரு துண்டுப் பேப்பர்கூட இல்ல.

பக்கத்துக் கடை அண்ணன், "ஒரு பட்டா லொறி ரிவர்ஸ் எடுத்திச்சு தம்பி, நம்பர் பார்க்கல்ல" என்றார். "பொலிஸுக்குப் போனா நாள் முழுக்க அலையணும், விடுங்க" என்றும் சொன்னார். நானும் விட்டுட்டேன். அடுத்த நாள் மாமா விடல்ல.

பொலிஸில முதல் கேள்வி: "ஏன் மல்லி நேத்தே வரல்ல?"

இந்தக் கேள்விதான் எனக்கு இன்னும் கோபம். நிப்பாட்டி வைச்ச வாகனத்தில இடிச்சிட்டு ஓடுற விஷயத்தில, வாகனக்காரன் எப்பவுமே பிந்தித்தான் வருவான். சம்பவம் நடக்கிறப்போ அவன் அங்க இல்ல. ஆபீஸ் முடிஞ்சு வந்து பார்க்கிறவன் இருக்கான், விடிஞ்சு பார்க்கிறவனும் இருக்கான். உடனே செய்யவேண்டிய கடமை இடிச்சவனுக்குத்தான். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் சாரதியைத்தான் நிக்கச் சொல்லுது, பெயர் விலாசம் கொடுக்கச் சொல்லுது. நின்னா சனம் கூடி அடிக்கும் என்ற பயம் சில விபத்தில நியாயமா இருக்கலாம். ஆள் இல்லாத காரைக் கண்டு யாருக்குப் பயம்?

"மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும்தானே, என்ட்ரி போட்டு என்ன கிடைக்கும்?" என்று கேட்பீங்க. உண்மைதான், அந்தக் காப்புறுதி நம்ம சொந்தச் சேதத்துக்குக் காசு தராது. 2020 இல இறக்குமதியை நிறுத்தி, 2025 இலதான் திரும்பத் திறந்தாங்க. இடைப்பட்ட காலத்தில பழைய கார்களுக்கே என்ன விலை போச்சு என்று தெரியும். ஒரு கண்ணாடிக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில ஏறி இறங்கணும். ஆனா இன்னொன்றையும் யோசிங்க. உங்க காரில இப்ப வேற வாகனத்தோட பெயின்ட் இருக்கு. நாளைக்கு யாராவது, "இந்தக் கார்தான் என்னை இடிச்சிட்டு ஓடிச்சு" என்று சொன்னா, உங்க கையில என்ன இருக்கு?

அதனால, காரை அசைக்க முன்னம் தூரத்திலிருந்தும் கிட்டத்திலிருந்தும் படம் எடுங்க. பக்கத்துக் கடையில கெமரா இருந்தா, அந்த நேரத்துப் பதிவை அழிய விடாம வைக்கச் சொல்லுங்க. சில நாளில பழசு மேல புதுசு பதிஞ்சிரும். இதை நான் ஒரு நாள் பிந்தித்தான் கேட்டேன்.

இனி முக்கியமான விஷயம். அதிகாரி சிங்களத்தில எழுதி, கையொப்பம் வைக்கச் சொல்லி நீட்டினார். நான் சிங்களம் கதைப்பேன், ஆனா கையெழுத்தை வாசிக்கிறது கஷ்டம். அரைவாசிப் பேர் இந்த இடத்தில வெட்கப்பட்டுக் கையொப்பம் வைச்சிட்டு வந்துருவோம். நான், "வாசிச்சுக் காட்டுங்க மாத்தயா" என்றேன். பத்து மணிக்கே சேதத்தைக் கண்டதா எழுதியிருந்தார். நான் சொன்னது, பத்துக்கு நிப்பாட்டினேன், பதினொன்றரைக்குக் கண்டேன் என்று. வேணுமென்று செய்யல்ல, சொன்னவுடனே வெட்டித் திருத்தினார். ஆனா நான் கேட்காம இருந்திருந்தா, அந்தப் பிழை என் கையொப்பத்தோடேயே கிடந்திருக்கும்.

தமிழில கேட்கிறது சலுகை இல்ல. 1987 இல 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கிச்சு. அடுத்த வருஷம் வந்த 16 ஆவது திருத்தம், சிங்களத்தில நிருவாகம் நடக்கிற இடத்திலயும் அதிகாரிகளோட தமிழில அலுவல் பார்க்க உரிமை தந்திச்சு. நடைமுறையில தமிழ் எழுதத் தெரிஞ்ச ஒருத்தர் அன்றைக்கு ட்யூட்டியில இருக்கணும், அது வேற கதை. ஆள் இல்லையென்றா வாசிச்சுக் காட்டச் சொல்லவாவது வாயைத் திறக்கணும். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்காம வெளியில வராதீங்க.

கண்ணாடிக்கு இப்போதைக்கு டேப் ஒட்டியிருக்கு. கடை அண்ணன் பதிவை பென் டிரைவில போட்டுத் தந்திருக்கார். நம்பரில கடைசி ரெண்டு இலக்கம்தான் தெரியுது. திங்கட்கிழமை அதையும் கொண்டுபோய்க் கொடுக்கணும்.