மல்லி, முல்லை, பிச்சி

"பூ என்றால் பூதானே! அதில் மல்லிகை என்ன, முல்லை என்ன? வாசனை வந்தால் போதாதா?" என்று கேட்கிறவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். கேட்கிறவர்கள் செடி கொடியே பார்த்திராதவர்கள் அல்ல. மாடியில் பத்துத் தொட்டி வைத்து வாளியும் கையுமாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நர்சரிக்குப் போய் விலை பேசி வாங்கி வருகிறவர்கள். அவர்களில் சிலர் என்னைப்போல் கதை எழுதுகிறவர்களும்கூட. போதாது என்பது என் கட்சி. பெயர் தெரியாமல் பூ வளர்க்க முடியாது. பெயர் தெரியாமல் பூவைப் பற்றி எழுதவும் முடியாது.

முதலில் வளர்ப்பதைச் சொல்கிறேன். எழுத்தாளன் ஆகாயத்தில் பறக்கிறான் என்ற பழியிலிருந்து தப்ப இதுதான் வழி.

குண்டுமல்லியைக் கவாத்து செய்ய வேண்டிய காலம் நவம்பர் கடைசி வாரம். நம் கணக்கில் கார்த்திகை நடு. பிச்சிக்கு டிசம்பர் கடைசி, அதாவது மார்கழி. முல்லைக்கு ஜனவரி கடைசி, தை. தண்ணீரை நிறுத்திவிட்டு, தரையிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டர் உயரம் விட்டு வெட்டச் சொல்கிறார்கள், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார். மூன்று செடிக்கும் மூன்று மாதம். காரணம் சாதாரணமானது. இந்தக் குடும்பத்துச் செடிகள் புதுத் தளிரில்தான் அரும்பு கட்டும். வெட்டினால் துளிர்க்கும், துளிர்த்தால் பூக்கும். வேளை தவறி வெட்டினால் அரும்பு கட்டப் போகிற கொம்பையே கத்தரித்துக் குப்பையில் போட்டவர்கள் ஆவோம். எது முல்லை, எது மல்லி என்று தெரியாதவர் எந்த மாதத்தில் கத்தரியை எடுப்பார்? எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் முடி வெட்டிவிட்டு, "மண்ணில் சத்து இல்லை" என்று மண்ணின் தலையில் பழியைப் போடுவார். உரக்கடைக்காரர் பிழைப்பார்.

திருச்சியில் இருக்கும் என் தங்கைக்கு ஒரு நர்சரிக்காரர் குண்டுமல்லி என்று சொல்லி ஒரு கன்றைக் கொடுத்தார். நல்ல வெயில் படுகிற இடத்தில் வைத்தாள். வஞ்சகமில்லாமல் வளர்ந்தது. அடுத்த வருஷம் கொத்துக் கொத்தாக, பார்க்கப் பரவசமாக, வெள்ளை வெளேரென்று பூத்தது. தொடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்த மாமி மெதுவாக, "காகிதப் பூவா, அம்மா?" என்று கேட்டாளாம். வந்திருந்தது காக்கட்டான். அதற்கு வாசனை உண்டென்று சத்தியம் செய்தால்தான் உண்டு. தங்கை போய்க் கேட்டபோது நர்சரிக்காரர் சிறிதும் கலங்காமல், "எல்லாம் மல்லி ஜாதிதானேம்மா" என்றார். இந்தப் பதிலில்தான் எனக்கு ஆத்திரம். பித்தளையை விற்றுவிட்டு, "எல்லாம் உலோகம்தானே" என்று ஒரு நகைக்கடைக்காரர் சொன்னால் சும்மா விடுவோமா? காக்கட்டான் மோசமான செடி என்று நான் சொல்லவில்லை. மாலைக்குக் கட்ட அது அருமையான பூ, கொத்தாகவும் பூக்கும். ஆனால் அது காக்கட்டான். அந்தப் பெயரோடு வந்திருந்தால் அதைக் காக்கட்டானாகவே கொண்டாடியிருக்கலாம்.

இத்தனைக்கும் இந்த மோசடி நடக்கவே வேண்டியதில்லை. பூக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இலை சொல்லிவிடும்.

குண்டுமல்லிக்கு ஒற்றை இலை. அகலமாக, மினுமினுப்பாக, கணுவுக்கு இரண்டாக எதிரும் புதிருமாக நிற்கும். சில கணுக்களில் மூன்று இருக்கும். காக்கட்டானுக்கும் ஒற்றை இலைதான். ஏமாறுகிற இடம் இது. கண்ணை நம்பாமல் விரலை நம்ப வேண்டும். காக்கட்டானின் இலையிலும் இளந்தண்டிலும் மெல்லிய ரோமம் உண்டு. தடவினால் பூனைக்குட்டியின் காதைத் தொட்டதுபோல் இருக்கும். பிச்சியைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். கறிவேப்பிலைபோல ஒரே ஈர்க்கில் ஐந்து, ஏழு, ஒன்பது என்று சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். அரும்பின் வெளிப்புறத்தில், வெற்றிலை போட்ட குழந்தையின் உதடுபோல ஒரு செம்மை ஓடியிருக்கும். முல்லைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் இலை, அதன் அடியில் இரண்டு பக்கமும் பொடிப் பொடியாக இரண்டு இலைகள், காதுகள்போல. தாவரவியலார் அதற்கு வைத்த ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம் என்ற பெயருக்கே 'காதுடையது' என்றுதான் அர்த்தம். சில இலைகளில் காது இராது. ஆனால் கொடி முழுவதும் தேடினால் காது அகப்பட்டுவிடும். இதைத் தெரிந்துகொள்ளப் பட்டம் வேண்டாம், பூதக்கண்ணாடி வேண்டாம். நர்சரியில் குனிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

குனிவதற்குத்தான் நமக்குச் சிரமமாக இருக்கிறது.

வெள்ளையாகப் பூத்து வாசனை வீசினால் அதற்கு 'மல்லி' என்று பட்டம் சூட்டிவிடுவது பழைய வழக்கம், அதை ஒப்புக்கொள்கிறேன். பவழமல்லி இருக்கிறது, மரமல்லி இருக்கிறது. பவழமல்லி தூரத்து உறவாவது ஆகும். மரமல்லிக்கும் மல்லிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நந்தியாவட்டையை இங்கிலீஷ்காரர்கள் ஜாஸ்மின் என்கிறார்கள். ஆனால் கிள்ளினால் பால் வரும், மல்லிக்குப் பால் ஏது? இரவு ராணியையும் அவர்கள் ஜாஸ்மின் என்றுதான் சொல்கிறார்கள். அது கத்தரிக்காயின் சொந்தம். ஊர் வழக்கில் பெயர் இப்படித் தாவுவதில் ஒரு குறும்பு இருக்கிறது, ரசிக்கலாம். ஆனால் பவழமல்லியைப் பவழமல்லி என்று சொல்லும்போது யாரும் அதை மல்லியென்று நினைத்து ஏமாறுவதில்லை. முன்னே ஒரு சொல் நின்று காவல் காக்கிறது. நான் சண்டை போடுவது அந்தக் காவலையும் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் 'ஜாஸ்மின்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறவர்களோடுதான்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுகிறார். அவர் விஞ்ஞானம் படித்தவர். "லின்னேயஸே இதில் சறுக்கியிருக்கிறார், தெரியுமா?" என்கிறார். தெரியும். உலகத்துச் செடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டிய அந்த ஸ்வீடன் தேசத்துப் பெரியவர், 1753இல் நம் குண்டுமல்லியையும் பவழமல்லியையும் நிக்டாந்தஸ் என்ற ஒரே இனத்தில் சேர்த்துவிட்டார். 1789இல் எய்ட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மல்லியைப் பிரித்தெடுத்து ஜாஸ்மினத்தில் வைத்தார். முப்பத்தாறு வருஷம் ஆயிற்று. லின்னேயஸ் காலமாகியே பதினொரு வருஷம் ஆகியிருந்தது. பெரியவர் சொன்னது என்பதற்காக அப்படியே விட்டுவிடவில்லை. "எல்லாம் மல்லி ஜாதிதானே" என்று எய்ட்டன் இருந்திருந்தால்? நண்பரின் உதாரணம் என் பக்கத்துச் சாட்சியாகத்தான் வந்து நிற்கிறது.

ஆங்கிலேயர்கள் ஸ்னோட்ராப் என்று ஒரு பூவைக் கொண்டாடுகிறார்கள். குளிர்காலம் முடியாத வேளையில் தரையை ஒட்டித் தலை குனிந்து பூக்கிற சின்ன வெள்ளைப் பூ. உள்ளிதழில் இருக்கும் பச்சைப் புள்ளி ஒன்றா இரண்டா, அது குதிரை லாடம்போல வளைந்திருக்கிறதா என்று மண்டியிட்டுப் பார்த்து, நூற்றுக்கணக்கான வகைகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2015இல் அப்படி ஒரு வகையின் ஒரே ஒரு கிழங்கு 1,390 பவுனுக்கு ஏலம் போயிற்று. இது கொஞ்சம் பைத்தியம்தான். நம் ஆட்களுக்கு இந்தப் பைத்தியம் பிடிக்க வேண்டும் என்று நான் பிரார்த்திக்கவில்லை. ஆனால் ஒரு பச்சைப் புள்ளிக்காக ஈர மண்ணில் மண்டியிடுகிறவர்களைக் கண்டு சிரிக்க, ஏழு இலைக்கும் ஓர் இலைக்கும் வித்தியாசம் பார்க்காத நமக்கு என்ன யோக்கியதை?

நமக்கு அந்தப் பழக்கமே இல்லை என்றும் சொல்ல முடியாது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசையாகச் சொல்கிறார். அதில் முல்லை தனி, பித்திகம் தனி, தளவம் தனி, மௌவல் தனி. நள்ளிருள்நாறி என்று ஒன்று வருகிறது. நச்சினார்க்கினியர் அதற்கு இருவாட்சி என்று உரை எழுதினார். நடு ராத்திரியில் மணப்பது என்று, மணக்கிற வேளையையே பெயராக வைத்துவிட்டார்கள்! உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இல் பதிப்பித்தார். அதற்கு முன் அவருக்குக் கிடைத்த ஏடுகளில் இந்த வரிசையில் சில பூக்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. அவர், "தொண்ணூறு பூ இருக்கிறதே, மிச்சம் எதற்கு?" என்று அச்சுக்கு அனுப்பிவிடவில்லை. தேடினார், தருமபுரம் மடத்து ஏட்டில் விடுபட்ட பெயர்கள் கிடைத்தன. சில பூப்பெயர்களுக்காக ஒரு மனிதர் சிதைந்த ஏடுகளைப் புரட்டியிருக்கிறார். கொல்லையில் பூத்திருப்பதன் பெயரைக் கேட்க நமக்கு அலுப்பாக இருக்கிறது.

எழுதுகிறவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். "காலை வெயில் பட்டு மல்லிகை மெல்ல மலர்ந்தது" என்று இன்னும் எழுதுகிறார்கள். மல்லி அந்திக்கு மேல் அவிழ்கிற பூ. அதனால்தான் பொழுது விடியுமுன் தோட்டத்தில் இறங்கி, முற்றிய அரும்பாகப் பறித்து, மார்க்கெட்டுக்கு ஓட்டமாக ஓடுகிறார்கள். காலையில் செடியில் விரிந்திருப்பது நேற்றைய பூ. பறிக்கிறவரின் கண்ணுக்குத் தப்பியது. பாரி தேர் கொடுத்த கதையை மல்லிகைக் கொடி என்று எழுதியதையும் படித்திருக்கிறேன். கவாத்து செய்து வளர்த்தால் குண்டுமல்லி தன் காலில் நிற்கும் புதர். பற்றிக்கொள்ள எதையாவது தேடி அலைகிறது முல்லை. அந்தத் தவிப்பைப் பார்த்துத்தான் அவன் தேரை விட்டு இறங்கினான். புதரைப் பார்த்து எவன் இறங்குவான்?

என் கதை ஒன்றில் நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி ஐப்பசி மாதத்தில் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வருவாள். கதையை வெளியிட்ட பத்திரிகையின் உதவியாசிரியர் அதை 'மல்லிகைப்பூ' என்று திருத்திவிட்டார். "பிச்சி என்றால் சென்னை வாசகர்களுக்குப் புரியாது" என்பது அவர் சமாதானம். கதை வெளிவந்த வாரமே தோவாளையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "எங்கள் ஊர்ப் பெண் பிச்சியை விட்டுவிட்டு மல்லிகையைத் தேடிப் போவானேன்?" அவர் கேட்டது நியாயம். பிச்சி என்ற ஒரு சொல்லால் அவளுடைய ஊர், மாதம், அவள் பூ வாங்கிய சந்தை எல்லாம் வாசகரிடம் வந்து சேர்ந்துவிடும். 'மல்லிகை' என்றதும் அவள் எந்த ஊர்க்காரியும் இல்லாமல், சினிமாவில் கூட்டத்தோடு நடக்கிற பெண் ஆகிவிட்டாள். புரியாது என்றால் புரிந்துகொள்ளட்டுமே! மதுரைக்காரர் ஜாதிமல்லி என்பதும் தெற்கே பிச்சி என்பதும் ஒரே பூ என்று தெரிந்துகொள்வதால் சென்னை வாசகருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கட்சி உண்டு. தமிழ்ப் பெயர்கள் எல்லாம் குழப்பம், லத்தீன் பெயரைத் தவிர வேறு பெயரே கூடாது என்கிறவர்கள். ஊசிமல்லி என்றால் ஓர் ஊரில் மல்லியின் ஒரு வகை, இன்னோர் ஊரில் முல்லை என்று அவர்கள் சொல்வது வாஸ்தவம்தான். குழப்பம் இருக்கிறது என்பதற்காகப் பெயரை விட்டுவிட முடியுமா? எந்த ஊரில் எதற்கு அந்தப் பெயர் என்று எழுதி வைப்பதுதான் வேலை. பூக்காரியிடம் போய் லத்தீனில் அரை முழம் கேட்டு வாங்க முடியாது. உண்மையில் இந்த விஷயத்தில் பூக்காரிதான் நம் எல்லோரையும்விடப் படித்தவள். கண்ணை மூடிக்கொண்டு கையில் அள்ளி, எது எது என்று பிரித்து வைத்துவிடுவாள். அவள் கூடையில் ஏழு பெயர். நம் வாயில் ஒன்று.

வியாபாரிகள் பெயரின் மதிப்பை அறியாதவர்கள் அல்ல. 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பின் எந்த நர்சரியிலும் 'அசல் மதுரை மல்லி' என்று அட்டை தொங்குகிறது. அந்தக் குறியீடு மதுரைப் பக்கத்து மண்ணில் விளைந்த பூவுக்கு. நம் மாடித் தொட்டிக்கு அல்ல. பதியன் கன்றுகளோ ராமநாதபுரம் ஜில்லா தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து மதுரைக்கே போகின்றன. விலை ஏறும் என்றால் ஊர்ப் பெயர்வரை எழுதத் தெரிகிறது. காக்கட்டானைக் காக்கட்டான் என்று எழுத மட்டும் கை வரவில்லை!

நான் கேட்பது அதிகம் அல்ல. ஒவ்வொரு கன்றிலும் ஓர் அட்டை. அதில் அந்த ஊரில் வழங்குகிற பெயர்; அடுத்த ஊரில் வேறு பெயர் இருந்தால் அதுவும்; இலை ஒற்றையா, காதுள்ளதா, ஈர்க்கில் வரிசையா; கவாத்துக்கு எந்த மாதம். நாலே வரி. அட்டைக்காகக் கன்றுக்கு இரண்டு ரூபாய் கூடப் போட்டுக்கொள்ளட்டும். அட்டை இல்லாத கன்றை வாங்குவதில்லை என்று நானும் தங்கையும் நிறுத்தியிருக்கிறோம். போன மாதம் மூன்று நர்சரி ஏறி இறங்கினோம். நாலாவதில் ஒரு கிழவர், அட்டை இல்லை, ஆனால் கேட்டதற்கெல்லாம் இலையைத் திருப்பிக் காட்டிப் பதில் சொன்னார். அவரிடம் முல்லை வாங்கினோம்.