காயமுற்றவனைத் தாங்கியவன் யார்?

திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995-ஆம் ஆண்டில், போற்றத்தக்க 45 படங்களின் பட்டியலொன்றை வத்திக்கான் வெளியிட்டது. சமயம், விழுமியம், கலை என மூன்றாகப் பகுக்கப்பட்ட அப்பட்டியலின் கலைப்பிரிவில் ஒரு கௌபாய்ப் படமும் இடம்பெற்றது. கத்தோலிக்கரான ஜான் ஃபோர்டு 1939-இல் இயக்கிய 'ஸ்டேஜ்கோச்' அது. அதே 1995-இல் கான் திரைப்பட விழாவில் வேறொரு கௌபாய்ப் படம் திரையிடப்பட்டது. பெரிய படநிறுவனங்களின் வழியைத் தவிர்த்துத் தன்வழி நடக்கும் அமெரிக்க இயக்குநர் ஜிம் ஜார்முஷின் 'டெட் மேன்' அது. முன்னதைப் போற்றும் நம்மவருள் சிலர், பின்னதைச் சமயத்தை இழித்துரைக்கும் படமென ஒதுக்குகின்றனர். அவ்வாறு ஒதுக்குவது தவறு என்கிறோம் நாம்.

'ஸ்டேஜ்கோச்'சின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஊரார் விரட்டிய விலைமகளுக்கும் சிறையிலிருந்து தப்பியவனுக்கும் அது மாண்பு வழங்கியது. நற்செய்தியின் மணம் அதில் உண்டு. ஆனால் அவ்வண்டியைத் துரத்தி வரும் அப்பாச்சே மக்களுக்கு அப்படம் என்ன வழங்கியது? அவர்களுக்குப் பேச்சில்லை, அவர்கள் போரிடுவதற்கான காரணமும் சொல்லப்படுவதில்லை. குதிரையிலிருந்து சரிந்து மடிவதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட வேலை. இவ்வகைப் படங்கள் பலவற்றுக்கு இதுவே இலக்கணமாயிற்று. ஃபோர்டே 1964-இல் ஷையான் மக்களின் துயரத்தைப் படமாக்கினார். எனினும் அதிலும் முதன்மையான ஷையான் வேடங்களைப் பிற இனத்து நடிகரே ஏற்றனர்.

ஜார்முஷ் இவ்விலக்கணத்தைத் தலைகீழாக்குகிறார். வில்லியம் பிளேக் என்னும் கணக்கர் கிளீவ்லாந்திலிருந்து தொடர்வண்டியில் மேற்கே செல்கிறார். உடன் செல்வோர் சன்னல்வழியே காட்டெருமைகளைச் சுட்டுத் தள்ளுகின்றனர். மெஷின் என்னும் ஆலைநகரில் அவருக்கு உறுதியளிக்கப்பட்ட வேலை கிடைக்கவில்லை. நெஞ்சருகே துப்பாக்கிக் குண்டுதான் கிடைக்கிறது. காட்டில் குற்றுயிராய்க் கிடக்கும் அவரைப் பேணுபவன், 'யாருமில்லை' எனப் பொருள்படும் 'நோபடி' என்ற பெயர் தாங்கிய ஒரு பூர்வகுடி மனிதன். சிறுவயதில் வெள்ளையரால் பிடிக்கப்பட்டுக் கூண்டில் காட்சிப்பொருளாய் வைக்கப்பட்டவன். இங்கிலாந்து வரை கொண்டுசெல்லப்பட்டு, அங்கே வில்லியம் பிளேக்கின் கவிதைகளைக் கற்றவன். இந்தக் கணக்கரை அந்தக் கவிஞரென்றே நம்பி, அவரது இறுதிப் பயணத்துக்குக் கடற்கரைவரை வழித்துணையாகிறான். அவ்வேடத்தை ஏற்ற கேரி ஃபார்மர், கனடாவின் பூர்வகுடிகளுள் ஒன்றான கயூகா இனத்தவர். கிரீ, பிளாக்ஃபுட் மொழி உரையாடல்களுக்குத் துணையெழுத்து இல்லை. அம்மொழி அறிந்தோர் நகைக்கும் இடத்தில் மற்றவர் விழிக்க வேண்டியதுதான். இத்தனை காலம் ஊமையாக்கப்பட்டோருக்கு ஒரு படமேனும் இந்த உரிமையை வழங்கலாகாதா?

கொலைகள் மலிந்த படமாயிற்றே என்பர். ஆம், மலிந்துள்ளன. ஆனால் ராபி முல்லரின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவில் ஒவ்வொரு கொலையும் அவலமாகவும் அருவருப்பாகவுமே நிகழ்கிறது. கைதட்டுவதற்கு ஒரு வீரனையும் இப்படம் தரவில்லை. துப்பாக்கியால் நீதி நிலைநாட்டப்படும் என்று இவ்வகைப் படங்கள் கற்பித்த பொய்யை, இவ்வகைக்குள்ளேயே நின்று மறுக்கிறது. இதில் சிறுவருக்கு ஆகாத காட்சிகள் உண்டென்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நம்மவரைச் சினமூட்டுவது வணிகச்சாவடிக் காட்சியே. அங்கே கடை நடத்துபவர் ஒரு மறைபோதகர். நோபடி கேட்டபோது புகையிலை இல்லையென்று மறுத்தவர், வெள்ளையரான பிளேக் கேட்டதும் எடுத்துத் தருகிறார். கிறிஸ்துவின் பெயராலேயே பூர்வகுடிகளைச் சபிக்கிறார். நோபடியோ கவிஞர் பிளேக்கின் வரிகளாலேயே மறுமொழி தருகிறான். பின்னர் பிளேக் அவரைச் சுட்டுக் கொல்கிறார். அக்கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அப்போதகரின் சாயல் நம் வரலாற்றில் இல்லையென்று யார் சொல்லக்கூடும்?

பூர்வகுடிகள் உண்மையான மாந்தர், அவர்தம் உரிமையும் உடைமையும் பறிக்கப்படலாகாது என 1537-இலேயே திருத்தந்தை மூன்றாம் பவுல் அறிவித்தார். அக்குரலுக்குச் செவிகொடாத கிறிஸ்தவ நாடுகளின் கதையே பின்வந்த நூற்றாண்டுகள். 2022 சூலை 25 அன்று கனடாவின் மஸ்குவாசிஸில், கிரீ மக்கள் வாழும் மண்ணில், உறைவிடப் பள்ளிகளில் கிறிஸ்தவர் இழைத்த தீமைகளுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் மன்னிப்பு வேண்டினார். பிறர் நிலத்தைக் கைப்பற்றுவதற்குச் சாக்காயிருந்த 'கண்டுபிடிப்புக் கோட்பாட்டை' 2023 மார்ச் 30 அன்று வத்திக்கான் வெளிப்படையாக மறுத்தது. திரு அவையே நாணி நின்ற ஒன்றைத் திரை காட்டும்போது, நாம் மட்டும் சினப்பதேன்?

நல்ல சமாரியர் உவமையை எண்ணிப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவரைக் குருவும் லேவியரும் விலகிக் கடந்தனர். தாழ்த்தி நோக்கப்பட்ட அன்னியரே அணுகிக் காயம் கட்டினார். அவ்வுவமையைச் சொன்னவர் சமயத்தை இழித்தார் என்போமா? 'டெட் மேன்' படத்தில் அந்தச் சமாரியராய் நிற்பவன் நோபடி. திருநூலின் பெயரைச் சொல்லிக்கொண்டே அவனை விரட்டுபவர் அந்தப் போதகர். அன்று உவமையைக் கேட்டோருக்கும் அது கசந்திருக்கும்.

ஆகவே நம் கோரிக்கை இதுவே: பங்கு இளையோர் குழுக்களிலும் திரைப்படப் பயிற்சிகளிலும் 'ஸ்டேஜ்கோச்'சைக் காட்டுவோர், வயதுவந்தோருக்கு 'டெட் மேன்' படத்தையும் காட்டட்டும். இரண்டையும் பார்த்தபின், வண்டிக்குள் இருந்தோரைப் பற்றி மட்டுமன்றி வெளியே மடிந்தோரைப் பற்றியும் பேசட்டும்.