அந்தச் சுவர் ஈரம் யாருடையது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கத்து வாடகை வீடுகளில் ஒரு பஞ்சாயத்தும் கூடவே ஆரம்பித்துவிடும். பீரோவை நகர்த்தினால் பின்னால் சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி. "மாடித் தட்டோடு விட்டுப்போச்சு சார், ஈரம் இறங்குது" என்பார் குடியிருப்பவர். "நீங்க ஜன்னலையே திறக்கறதில்லையேம்மா" என்பார் ஹவுஸ் ஓனர். காலி செய்யும் நாளில் பெயின்ட் செலவு அட்வான்ஸில் கழியும். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அது எந்த ஈரம் என்று பார்த்தால்தான் தெரியும்.

சுவரின் அடியில் பெயின்ட் உப்பு பூத்து உதிர்ந்தால், தரையிலிருந்து ஏறும் ஓதம். அடையாறு ஓரத்து தாழ்வான மனைகளில் இது சகஜம். தாம்பரத்தில் 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளம் முடிச்சூர்க்காரர்களுக்கு மறக்காது. மழை பெய்த சில மணி நேரத்தில் பழுப்பு ஓரத்தோடு கறை பரவினால், அது ஒழுகல். இவை இரண்டும் ஓனர் பார்க்க வேண்டியவை.

மூன்றாவது, வீட்டுக்குள்ளேயே உண்டாகும் ஈரம். அறை மூலை, பீரோ முதுகு, கட்டிலுக்குப் பின்பக்கம் என்று காற்று போகாத இடமாகப் பார்த்து கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இரவில் இழுப்பை அதிகமாக்குவதும் இதுதான்.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 5 கிலோ துணி, மெஷினில் பிழிந்த பிறகும் 2, 3 லிட்டர் தண்ணீரை வைத்திருக்கும். ஹாலில் கொடி கட்டிக் காயப்போட்டால் அத்தனையும் காற்றில்தான். நான்கு பேர் படுத்துத் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் விடிவதற்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர். பலருக்குத் தெரியாதது, கேஸ் எரிந்தாலே தண்ணீர் உண்டாகும் என்பது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடிவதற்குள் 22 லிட்டர் அளவுக்கு நீராவியை விடுகிறது. ஒரு மாதம் வரும் சிலிண்டர் என்றால் தினம் முக்கால் லிட்டர். இட்லிப் பானை ஆவி இதில் சேராது!

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. சுவரைத் துணியால் துடைத்துவிட்டு, சமையலறை அலுமினியத் தாளை ஒரு சாண் அளவுக்கு வெட்டி நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முன்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றில் இருக்கிறது. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் அட்வான்ஸ் பேச்சில் உதவும்.

மழை நேரத்தில் ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வராதா என்று கேட்பார்கள். 25 டிகிரி காற்று ஒரு கனமீட்டருக்கு அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 30 டிகிரியில் 30 கிராம் தாங்கும். ஆள் நடமாட்டமும் அடுப்பும் உள்ள வீடு வெளியைவிடச் சூடு. ஆகவே மழை நாளில்கூட பெரும்பாலும் திறப்பதே லாபம். சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னல் போதும், எதிரே இன்னொன்றும் திறந்திருந்தால் நல்லது. ஏசி ஓடும்போது மட்டும் மூடிவிடுங்கள்.

துணியை எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ள பாத்ரூமில் காயப்போட்டு கதவைச் சாத்துங்கள். அடுப்பு அணைத்த பிறகும் கால் மணி நேரம் சமையலறை ஃபேன் ஓடட்டும். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். பூஞ்சணத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் தூள் பறக்கும்; சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பதே சரி.

மார்கழிக் குளிரில் ஈரம் போகட்டும் என்று சாம்பிராணிக் கரியை அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திப் படுக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. அதனால் சுவர் காயாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். சாம்பிராணி போட்டால் ஜன்னல் திறந்திருக்கட்டும். படுக்கும் முன் கரித்தட்டு வாசலுக்கு வெளியே போய்விட வேண்டும்.