கொடையும் கடமையும்

மருந்துக் கம்பனிகள் தத்தம் ஆண்டறிக்கைகளிலே, இலாபக் கணக்கோடு சேர்த்து, "சமூகப் பொறுப்பு" என்றோர் அத்தியாயத்தையும் அழகிய படங்களோடு அச்சிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அதிலுள்ளவை யாவும் பொய்யென்று கூற நாம் வரவில்லை. மெய்யான கொடையும் அங்கே உண்டு.

ஆபிரிக்காவின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலே, ஒருவகைக் கருநிற ஈ கடிப்பதனாற் பரவும் புழுநோய் இலட்சக்கணக்கானோரின் கண்ணொளியைப் பறித்துவந்தது. விரைந்தோடும் நீரிலேதான் அந்த ஈ பெருகும். ஆதலால் உழவர்கள் வளமான கரைநிலங்களைக் கைவிட்டு மேட்டுநிலம் தேடிச் சென்றனர். விளையும் நிலத்தை விட்டோடும் கொடுமையை நம் கமக்காரருக்கு விளக்கவேண்டியதில்லை. அந்நோய்க்குரிய ஐவர்மெக்டின் என்னும் மருந்தை, வேண்டிய அளவு, வேண்டிய காலம்வரை இலவசமாகத் தருவதாக அமெரிக்காவின் மேர்க் கம்பனி 1987 இல் அறிவித்தது. அவ்வாறே தந்தும் வருகின்றது. 2013 இல் கொலம்பியா அந்நோயை ஒழித்த முதல் நாடாயிற்று. இதனைப் பாராட்டாதோர் நன்றி கொன்றவராவர்.

ஆயின், மலிவான மருந்தைப் பிற நாடுகளிலிருந்து தருவிக்க இடமளித்துத் தென்னாபிரிக்கா 1997 இல் ஒரு சட்டம் இயற்றியபோது நிகழ்ந்தது என்ன? மருந்துக் கம்பனிகள் ஒன்றுதிரண்டு, 1998 இல் பிரிட்டோரியா நீதிமன்றிலே வழக்குத் தொடுத்தன. 2001 இல் அது விசாரணைக்கு வந்தபோது வழக்காளிகளாக நின்றவை 39 கம்பனிகள். மேர்க்கும் அவற்றுள் ஒன்று! நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் எயிட்ஸ் கிருமியைத் தாங்கி வாழ்ந்த நாடு அது. ஒருவருக்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் விலை கூறப்பட்ட கூட்டு மருந்தை, 350 டொலருக்குத் தர இயலுமென்று இந்தியாவின் சிப்லா கம்பனி 2001 பெப்ரவரியில் அறிவித்தது. உலகெங்கும் கண்டனம் எழுந்தபின், ஏப்ரலில் வழக்கு கைவாங்கப்பட்டது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அந்நோயால் மாண்டோரை எந்த அறிக்கையின் எந்த அத்தியாயத்திலே சேர்ப்பது?

ஆராய்ச்சிக்குப் பெருஞ்செலவாகின்றது, அதனை மீட்கக் காப்புரிமை வேண்டும் என்னும் வாதத்தை நாம் தள்ளிவிடவில்லை. புடைவைக் கடையிலே விலை ஏறினால் பழைய வேட்டியை இன்னுமோராண்டு உடுத்தலாம். மருந்துக் கடையிலே அவ்வாறு நிற்க முடியுமா? கொடுப்பதும் நிறுத்துவதும் கொடையாளியின் விருப்பம். நோயாளிக்கு வேண்டியது அவன் எட்டக்கூடிய விலை. அதனைக் கம்பனியின் கருணைக்கு விட்டுவிடலாகாது.

நம் தீவிலே பேராசிரியர் சேனக்க பிபிலே இதனை முன்னரே உணர்ந்தார். 1971 இல் அமைந்த அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராயிருந்து, வர்த்தகப் பெயரை விடுத்து, மருந்தின் பொதுப்பெயரால் உலகச் சந்தையிலே கேள்விப்பத்திரம் கோரி வாங்கும் முறையை நிலைநாட்டினார். பல மருந்துகளின் விலை சரிந்தது. கம்பனிகள் அதனை வரவேற்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ?

கம்பனிகள் தம் கொடைக் கணக்கின் எதிர்ப்பக்கத்திலே, நாட்டுக்கு நாடு தாம் பெறும் விலையையும், அரசுகள்மீது தாம் தொடுத்த வழக்குகளையும் அச்சிடட்டும். எம் வாசகர்களான வைத்தியர்களிடம் நாம் கேட்பது அதனினும் எளியது: மருந்துச் சீட்டிலே கம்பனி சூட்டிய பெயரையன்றி மருந்தின் பெயரை எழுதுங்கள்.