புட்டியில் அடைத்த இளமை



சென்ற முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு சென்றபோது, எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் தலைமாட்டிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் காட்டினார். வளைகுடா நாட்டிலுள்ள மகன் அனுப்பிய மாத்திரைகள். "இதைத் தின்றால் மூப்பே அண்டாதாம், சாமி. இனிப் பீடி குடித்தாலும் ஒன்றும் செய்யாதல்லவா?" என்று கேட்டார். மேலட்டையில் பீட்டா கரோட்டின் என்றிருந்தது. அவருக்கு அளித்த மறுமொழியையே இங்கும் எழுதுகிறேன். இத்தகைய புட்டிகள் நம் இல்லங்கள் பலவற்றிலும் உள்ளன.

நாம் உண்ணும் உணவு உயிரணுக்களுள் பிராணவாயுவோடு சேர்ந்து எரிந்தே ஆற்றலாகிறது. அப்போது, அடுப்பிலிருந்து பொறி தெறிப்பதுபோல், நிலைகொள்ளாத சில மூலக்கூறுகள் தெறித்து உயிரணுவைச் சேதப்படுத்துகின்றன. இச்சேதம் திரண்டு சேர்வதே மூப்பு என்று அமெரிக்க அறிஞர் டென்ஹாம் ஹார்மன் 1956இல் எழுதினார். (அவர் 98 வயது வரை வாழ்ந்து 2014இல் மறைந்தார்.) மூப்புக்கு இது ஒன்றே காரணமென்று இன்று அறிவியலார் கொள்வதில்லை. அரிந்த ஆப்பிள் காற்றுப்பட்டுப் பழுப்பேறுவதையும், எலுமிச்சைச் சாறு தடவினால் அது தாமதமாவதையும் தாய்மார் அறிவர். அவ்வாறு தடுக்கும் பொருள்களுக்கே ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர். நெல்லியிலுள்ள வைட்டமின் சி, எண்ணெய் வித்துகளிலுள்ள வைட்டமின் இ, காரட்டுக்கு நிறந்தரும் பீட்டா கரோட்டின் ஆகியவை இவ்வினத்தவை.

காய்கனி மிகுதியாக உண்போரிடம் இருதய நோயும் சிலவகைப் புற்றுநோயும் குறைவாக இருப்பதைக் கண்டவர்கள், அவற்றின் சாரத்தை மாத்திரையாக்கிக் கொடுத்துப் பார்த்தனர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதனை நடந்தது. 1994இல் முடிவு வெளிவந்தபோது அனைவரும் திகைத்தனர். பீட்டா கரோட்டின் உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது! அமெரிக்காவில் நடந்த மற்றொரு சோதனையில் அதனோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்தனர். அங்கே 28 விழுக்காடு கூடவே, 1996 ஜனவரியில் மாத்திரை கொடுப்பதையே நிறுத்திவிட்டனர். புகையால் நைந்த நுரையீரலில், அளவுமீறிய பீட்டா கரோட்டின் தானே சிதைந்து தீங்காக மாறியிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து.

மாத்திரை எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி நலியும் நோய்க்கு, குறிப்பிட்ட கட்டத்தில் மருத்துவர் தரும் வைட்டமின் கலவை பயன்படுவதாக 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆயினும், 2013இல் வந்த அடுத்த ஆய்வு அக்கலவையிலிருந்தும் பீட்டா கரோட்டினை விலக்கி, வேறு நிறமிகளைச் சேர்க்கச் சொன்னது.

உணவாக உண்கையில் இந்த அச்சம் இல்லை. முருங்கைக் கீரையில் பீட்டா கரோட்டின் நிறைய உண்டு. சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் உடல் அதை நன்கு ஏற்கும். கீரை வெந்த நீரைக் கொட்டினால் வைட்டமின் சி அதனோடு போய்விடும். கொய்யாவை அப்படியே கடித்துத் தின்னலாம். காயும் கனியுமாக நாளொன்றுக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். திருவிழா விருந்தில் இலையோரத்தில் வைக்கும் ஒரு கரண்டிப் பொரியலைக் காட்டி, கணக்கு முடிந்தது என்று சொல்லக்கூடாது.

பெரியவர் முகம் வாடிற்று. இந்த வயதில் பீடியை விட்டாலும் பயனுண்டு என்றேன். மருத்துவரிடம் காட்டும்வரை பத்திரமாயிருக்கட்டும் என்று புட்டியை மருமகளிடம் கொடுத்துவிட்டார். பீடிக்கட்டைக் கொடுக்க ஒரு மாதத் தவணை கேட்டிருக்கிறார். வரும் முதல் வெள்ளியன்று போய்ப் பார்க்க வேண்டும்.