களமா, கல்லூரியா என்று பிள்ளைகளிடம் கேட்க வேண்டாம்

நாமக்கல் மாவட்டம் எருமப்பட்டி வட்டாரத்தில் சிலம்பமும் கராத்தேயும் டேக்வாண்டோவும் கற்றுத்தரும் ஆசான்களும், பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பும் பெற்றோரும் கூடிப் பேசி எடுத்த நிலைப்பாடு இது. மாநில, தேசிய அளவில் மோதும் திறமையுள்ள மாணவனோ மாணவியோ, கல்லூரிப் படிப்பை விடாமல் போட்டியிலும் தொடர வழி இருக்க வேண்டும். அந்த வழியை அமைத்துத் தரும் பொறுப்பு கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பயிற்சி தருகிற எங்களுக்கும் உரியது. பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் அதை ஏற்றுவதை நாங்கள் எதிர்க்கிறோம்.

நாமக்கல் மாவட்டம் மதிப்பெண்ணுக்குப் பெயர் பெற்றது. லாரி ஓட்டுபவர்கள், கோழிப்பண்ணையில் கூலி வேலை செய்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள் டாக்டராகவும் இன்ஜினீயராகவும் ஆனது இந்தப் படிப்பால்தான். அதை நாங்கள் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையையும் பார்க்கிறோம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் கம்பு பரணுக்குப் போகிறது. மாவட்டப் போட்டியில் பதக்கம் வாங்கிய பிள்ளை விடுதியில் சேர்கிறது. இரண்டு ஆண்டுகள் உடம்பு அசைவதில்லை. காலடியும் வேகமும் முறுக்கேறும் வயது அது. கல்லூரிக்கு வந்தபின் திரும்ப ஆசைப்பட்டு வருகிறவர்கள் உண்டு. விட்ட இடத்தைப் பிடிக்கவே அவர்களுக்கு முதலாம் ஆண்டு போய்விடுகிறது.

பிடித்தபின் எதிரே நிற்பது வருகைப் பதிவேடு. தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது பொதுவான விதி. போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) என்ற வருகைச் சலுகை உண்டு என்று எல்லாக் கல்லூரிகளும் சொல்லும். நடப்பில் போட்டி நடக்கும் நாளுக்கு மட்டும் ஓ.டி. கிடைக்கிறது, ரயிலில் போய்வரும் நாட்களும் முன்பயிற்சி முகாமும் விடுப்பாகிவிடுகின்றன. ஓ.டி. கிடைத்தாலும் அன்று நடந்த லேப் திரும்ப வராது, தவறவிட்ட இன்டர்னல் தேர்வும் வராது. பதக்கத்தோடு ஊர் திரும்பும் பிள்ளை அரியரையும் சேர்த்தே கொண்டுவருகிறது. துறைத் தலைவர், உடற்கல்வி இயக்குநர், முதல்வர் என்று கையெழுத்துக்கு அலைவதும் அந்தப் பிள்ளைதான்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் நாமக்கல்லிலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தபடியே விளையாடியவர். ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் பாட்மின்டன் ஒற்றையரில் தங்கம், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெள்ளி. ஐந்தரை ஆண்டு தொழிற்படிப்பு அது. பண்ணை வேலையும் செய்முறையும் நிறைந்தது. அவர் ஆடுவது தற்காப்புக் கலை இல்லைதான். ஆனால் செய்முறை வகுப்பைத் தவறவிட்டால் மீட்பது கடினம் என்ற நெருக்கடி எல்லா விளையாட்டுக்கும் ஒன்றே.

மோதும் விளையாட்டில் சென்னையின் வாள்வீச்சு வீரர் பவானி தேவி இருக்கிறார். மின் இணைப்புள்ள வாள்கள் விலை அதிகம் என்பதால் பயிற்சிக்கு மூங்கில் குச்சி, போட்டிக்கு மட்டும் வாள் என்று தொடங்கியவர். கேரளத்தின் தலச்சேரியில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் பயின்றபடியே அங்குள்ள அரசு பிரென்னன் கல்லூரியில் படித்தார். பிறகு சென்னையில் எம்.பி.ஏ. முடித்தார். ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய வாள்வீச்சு வீரர் அவர். டோக்கியோவில் முதல் சுற்றை 15-3 என்று வென்றார். பயிற்சி மையமும் கல்லூரியும் ஒரே ஊரில் இருந்தது எவ்வளவு பெரிய உதவி என்பதை, நாமக்கல்லில் கல்லூரி முடித்து, துறையூர் பஸ் பிடித்து, இருட்டியபின் எங்கள் களத்துக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கும் நாங்கள் அறிவோம். துளசிமதியும் பவானி தேவியும் அசாதாரண மன உறுதி உள்ளவர்கள். அந்த உறுதி இல்லாத, ஆனால் திறமையுள்ள பிள்ளைக்கும் வழி திறந்திருக்க வேண்டும் என்பதே எங்கள் கவலை.

தற்காப்புக் கலைகளுக்கென்று தனியாக இரண்டு சிக்கல்கள் உண்டு. கல்லூரிகள் இவற்றை அறியாமல் இருப்பது எங்களுக்கு உண்மையாகவே அச்சம் தருகிறது.

ஒன்று எடை. எடைப் பிரிவில் நிற்க வேண்டுமென்று சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைக்கும் பழக்கம் எல்லா ஊர்களிலும் இருக்கிறது. 1997-இல் அமெரிக்காவில் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான இடைவெளிக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கும்போது இறந்தார்கள். அதன்பிறகுதான் அங்குள்ள கல்லூரி விளையாட்டு அமைப்பு வியர்வை உடைகளையும் சூட்டு அறைகளையும் தடை செய்து, எடை பார்க்கும் நேரத்தையும் மோதலுக்கு அருகே கொண்டுவந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 100 கிராம் கூடுதலால் இறுதிப் போட்டியை இழந்ததை நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அதிலிருந்து இன்னும் கடுமையாகக் குறைக்க வேண்டும் என்ற பாடத்தையே சிலர் எடுத்துக்கொண்டார்கள். செமஸ்டர் தேர்வும் போட்டியும் ஒரே வாரத்தில் வந்தால், தண்ணீர் குடிக்காத உடம்போடு ஒரு மாணவி மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது. இதை எந்த ஆசானும் அனுமதிக்கக் கூடாது.

இன்னொன்று தலையில் படும் அடி. மூளை அதிர்ச்சி ஏற்பட்டால் முதல் ஓரிரு நாட்கள் ஓய்வு, திரை பார்ப்பதையும் குறைக்க வேண்டும், பிறகு படிப்படியாகப் பாடம், பாடத்துக்கு முழுமையாகத் திரும்பியபின்பே முழு மோதல் என்பதுதான் விளையாட்டு மருத்துவத்தில் ஏற்கப்பட்ட வரிசை. நம்மிடம் அது தலைகீழாக நடக்கிறது. அடிபட்ட பையன் மறுநாள் களத்தில் நிற்கிறான். வகுப்பில் தலைவலியோடு உட்கார்ந்து கவனமில்லாதவன் என்று பெயர் வாங்குகிறான்.

படிப்பு இரண்டாம்பட்சம் என்று பிள்ளைகளிடம் சொல்லும் பயிற்சியாளர்களோடும் நாங்கள் உடன்படவில்லை. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் தமிழ்நாடு அரசு சிலம்பத்தைச் சேர்த்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பையிலும் இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் பட்டம் கேட்கும் வேலைக்குப் பதக்கத்தை மட்டும் கொண்டுபோய் நிற்க முடியாது. முழங்கால் தசைநார் ஒருமுறை கிழிந்தால் ஓராண்டு போய்விடும். சிலருக்கு ஆட்டமே முடிந்துவிடும். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்தவர், வாழ்நாளில் பெரும்பகுதி கல்வியாளராக இருந்தவர். ஜப்பானில் கராத்தே பரவியதில் 1924-இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மன்றத்துக்கும் பங்குண்டு. கலையைப் படிப்பிலிருந்து பிரித்து வைப்பது அந்தக் கலைகளின் வரலாற்றிலேயே இல்லாத ஒன்று.

கல்லூரிகளிடம் நாங்கள் இலவச மதிப்பெண் கேட்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட மாநில, தேசிய, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளுக்குப் பயண நாட்களும் முகாம் நாட்களும் ஓ.டி.யில் அடங்க வேண்டும். அன்று தவறிய லேப்பையும் இன்டர்னலையும் வேறு நாளில் செய்ய எழுத்துபூர்வமான உரிமை வேண்டும். செமஸ்டர் தேர்வு போட்டியோடு மோதினால் அதே பருவத்துக்குள் தனித் தேர்வு வேண்டும். அரியர் என்ற பெயரில் ஆறு மாதம் தள்ளக் கூடாது. நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளி மாணவரான துப்பாக்கி சுடும் வீரர் அனிஷ் பன்வாலாவுக்காக 2018-இல் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக நடத்த ஒப்புக்கொண்டது. அந்த ஏப்ரலில் கோல்டு கோஸ்டில் அவர் 15 வயதில் காமன்வெல்த் தங்கம் வென்றார். நாடு முழுக்கத் தேர்வு நடத்தும் வாரியம் செய்ததை எங்கள் பகுதிக்குரிய பெரியார் பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளும் செய்ய முடியும்.

எங்கள் பங்குக்கு, செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் எந்த மாணவரையும் எடை குறைக்கச் சொல்ல மாட்டோம். தலையில் அடிபட்டவரை மருத்துவர் எழுதித் தராமல் மோதலில் இறக்க மாட்டோம். சான்றிதழ் எந்த ஒதுக்கீட்டுக்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதைச் சேரும் நாளிலேயே பெற்றோரிடம் சொல்வோம். காசு வாங்கிக்கொண்டு பெல்ட்டும் சான்றிதழும் கொடுக்கும் போட்டிகளுக்கு அழைத்துப் போக மாட்டோம். ஆண்டுக்கான போட்டி நாட்காட்டியை ஜூன் மாதமே கல்லூரி முதல்வர்களிடம் நேரில் கொடுப்போம். நவம்பர் தேர்வு அட்டவணை அச்சாகும் முன் ஒருமுறை எங்களோடு உட்கார்ந்து பேச அவர்கள் நேரம் ஒதுக்க வேண்டும்.